நடப்பவர்களுக்கு எந்தக் கட்டம்?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. கணிதம்)

சாலை என்றவுடன் நம்மில் பலருக்குப் பயணம் நினைவுக்கு வரும். எனக்குத் தார் வாசனைதான் நினைவுக்கு வரும். என் தந்தையார் சாலை போடும் ஒப்பந்தக்காரர்களிடம் தினக்கூலியாக இருபத்தைந்து ஆண்டுகளாக வேலை செய்து வருகிறார். ஜல்லி பரப்புவார், தார் ஊற்றுவார், குழி விழுந்த இடத்தில் ஒட்டுப் போடுவார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே, சாலைப் பராமரிப்பைத் திட்டமிடும் கணிப்பொறி மென்பொருள்களைப் பற்றி நான் எழுத முற்பட்டது, ஏதோ புதுமையைச் சொல்லி மாணவ நண்பர்களை வியப்பில் ஆழ்த்துவதற்காக அன்று. அந்தக் கணிப்பொறியின் கணக்கு எங்கள் ஊர் எல்லைவரை வந்து போனது. வந்த கணக்கில் எங்களில் பெரும்பாலோர் விடுபட்டுப் போனோம். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பிரதான சாலையிலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது அந்த நான்கு கிலோமீட்டருக்கும் தார்ச்சாலை வந்தது. அதைப் போட்ட கூலியாட்களில் என் அப்பாவும் ஒருவர். சொந்த ஊருக்குப் போகும் சாலை என்பதால், மேஸ்திரி சொல்லாமலே இரண்டு முறை பெருக்கிவிட்டுத் தார் தெளித்ததாக இன்றும் பெருமையாகச் சொல்வார். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை பேருந்து வரத் தொடங்கியது. நான் உயர்நிலைப் பள்ளிக்குப் போனது அந்தப் பேருந்தில்தான்.

சில ஆண்டுகளில் சாலையோர வாய்க்கால் தூர்ந்தது. மழைநீர் வழிந்தோட இடமின்றிச் சாலை ஓரத்திலேயே தேங்கியது. அப்பா அதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் சொன்னார்: "தண்ணி நின்னா ரோடு நிக்காது, தம்பி. இப்ப ரெண்டு ஆள் மண்வெட்டி எடுத்தாப் போதும். அப்புறம் ரோலரே வந்தாலும் பத்தாது." அவர் சொன்னபடியே நடந்தது. முதலில் மயிரிழை போன்ற வெடிப்புகள், பிறகு குழிகள், பிறகு குழிகளுக்கு நடுவே கொஞ்சம் சாலை. அச்சு முறிகிறது என்று பேருந்து நின்றது. இப்போது பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் என் தங்கை நான்கு கிலோமீட்டர் நடந்துபோய்ப் பேருந்து ஏறுகிறாள். சந்தைக்குக் காய் கொண்டுபோகும் தாய்மார்களும் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அவளோடு நடக்கிறார்கள்.

சென்ற ஆண்டு, சாலை பிரியும் இடத்தில் உள்ள புளியமரத்தடியில் இரண்டு இளைஞர்கள் தாளும் பேனாவுமாக வந்து அமர்ந்தார்கள். போகும் வண்டி, வரும் வண்டி ஒவ்வொன்றுக்கும் தாளில் கோடு போட்டார்கள். லாரிக்கு ஒரு கட்டம், பேருந்துக்கு ஒரு கட்டம், காருக்கு ஒன்று, இரு சக்கர வண்டிக்கு ஒன்று, மிதிவண்டிக்கு ஒன்று. அவர்களுக்கு மோர் கொண்டுபோய்க் கொடுத்த அப்பா, வெகுநேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "நடக்கிறவங்களுக்கு எந்தக் கட்டம், தம்பி?"

"அதுக்குக் கட்டம் இல்லீங்க. இதையெல்லாம் கம்ப்யூட்டர்ல போடுவாங்க. எந்த ரோட்டை முதல்ல எடுக்கணும்னு அது சொல்லும்" என்றார் அவர்களில் ஒருவர்.

அப்பா அன்றிரவு இதை என்னிடம் சொல்லிவிட்டு, "நீ கணக்குதானே படிக்கிறே? அந்தக் கணக்கு என்னான்னு பாரு" என்றார். நான் பார்த்தேன். பார்த்தவரையில் எனக்குத் தோன்றிய கருத்துகளைத் தோழர்கள் முன்னும் பேராசிரியப் பெருமக்கள் முன்னும் வைக்கிறேன்.

இத்தகைய மென்பொருள்களில் உலகெங்கும் பெயர் பெற்றது எச்.டி.எம்.-4 என்பது. நெடுஞ்சாலை மேம்பாடும் மேலாண்மையும் என்பது அதன் பெயரின் பொருள். அதன் வேர் 1968-இல் உலக வங்கி தொடங்கிய ஓர் ஆய்வில் இருக்கிறது. சாலையைச் சிக்கனமாகப் போட்டுவிட்டுப் பிறகு அடிக்கடி செலவழிப்பது லாபமா, முதலிலேயே நன்றாகப் போடுவது லாபமா என்ற கேள்விக்கு அனுமானத்தால் அல்லாமல் கணக்கால் விடை காண வேண்டும் என்று முயன்றார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் இங்கிலாந்தின் போக்குவரத்து, சாலை ஆராய்ச்சிக் கூடமும் இதில் முன்னின்று உழைத்தன. கென்யா நாட்டின் சாலைகளில் 1971 முதல் 1975 வரை அளவெடுத்தார்கள். பிறகு கரீபியன் தீவுகளிலும் பிரேசிலிலும் அளவெடுத்தார்கள். நம் இந்தியாவுக்கும் இதில் பங்குண்டு என்பது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி. புதுதில்லியிலுள்ள மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம், நம் நாட்டுச் சாலைகளில் ஓடும் வண்டிகளுக்கு எரிபொருள், டயர், உதிரிப் பாகம் ஆகியவற்றுக்கு ஆகும் செலவை 1977 முதல் 1982 வரை ஆராய்ந்தது. இவற்றின் பயனாக மூன்றாம் பதிப்பு 1987-இலும், எச்.டி.எம்.-4 என்னும் இன்றைய வடிவம் 2000-த்திலும் வெளிவந்தன.

இம்மென்பொருள் செய்யும் வேலை கணித மாணவர்களாகிய நமக்கு அந்நியமானதன்று. இந்த ஆண்டுச் சாலையின் நிலையை எடுத்துக்கொண்டு, அடுத்த ஆண்டு அது எப்படி இருக்கும் என்று கணக்கிடுகிறது. அந்த விடையை வைத்துக்கொண்டு அதற்கடுத்த ஆண்டைக் கணக்கிடுகிறது. இப்படி இருபது ஆண்டுகள் வரைகூடப் போகிறது. வெடிப்பு எவ்வளவு, குழி எவ்வளவு, சக்கரத்தடப் பள்ளம் எவ்வளவு, மேற்பரப்பின் கரடுமுரடு எவ்வளவு என்று ஒவ்வோர் ஆண்டுக்கும் எண்கள் பிறக்கின்றன. கரடுமுரடை அளக்க ஒரு சர்வதேசக் குறியீடு உண்டு. 1982-இல் பிரேசில் தலைநகரில் நடந்த ஒரு பெரும் சோதனையின் அடிப்படையில் அது உருவாயிற்று. கிலோமீட்டருக்கு இத்தனை மீட்டர் என்பது அதன் அலகு. புதிய நல்ல தார்ச்சாலையில் அது இரண்டையொட்டி இருக்கும். சிதைந்த மண்சாலையில் பத்தைத் தாண்டும். குறியீடு ஏற ஏற வண்டிக்கு ஆகும் செலவும் பயண நேரமும் ஏறும்.

இனி ஒப்பீடு வருகிறது. ஒரு சாலைக்கு ஒன்றும் பெரிதாகச் செய்யாமல் விட்டால் இருபது ஆண்டில் அரசுக்கும் பயணிப்போருக்கும் ஆகும் மொத்தச் செலவு ஒரு பக்கம். காலத்தில் பழுது பார்த்து, உரிய ஆண்டில் மேல்தளம் போட்டால் ஆகும் மொத்தச் செலவு மறுபக்கம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே நன்மை. எதிர்காலத்து ரூபாயை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக்கொள்கிறார்கள். நம் நாட்டுச் சாலைத் திட்ட ஆய்வுகளில் நெடுங்காலம் பயன்பட்டு வந்த 12 சதவீதத்தில் கணக்கிட்டால், பத்தாண்டு கழித்து வரும் 100 ரூபாய் இன்றைக்கு 32 ரூபாய்தான். இருபதாண்டு கழித்து வரும் 100 ரூபாய் ஏறத்தாழ 10 ரூபாய். இவ்வாறு ஒவ்வொரு சாலைக்கும் கணக்கிட்டு, கையில் உள்ள பணத்துக்கு எவை அதிக நன்மை தரும் என்று வரிசைப்படுத்துகிறார்கள். புளியமரத்தடியில் போட்ட கோடுகள் போய்ச் சேரும் இடம் இதுதான்.

இந்தக் கணிப்பொறியைக் குறை கூறுவதற்கு முன்னால் அதற்கு நன்றி கூற வேண்டும் என்பது என் கருத்து. ஏனெனில், யாரும் பேசாத ஒன்றுக்காக அது பேசுகிறது. புதுச் சாலைக்குத் திறப்பு விழா உண்டு, பந்தல் உண்டு, பெயர் பொறித்த கல் உண்டு. வாய்க்கால் தூர் எடுப்பதற்கு எங்காவது விழா எடுத்ததுண்டா? வெடிப்பை அடைத்ததற்குக் கல் நாட்டியதுண்டா? பராமரிப்பு என்பது நடந்தால் கண்ணுக்குத் தெரியாதது; நடக்காவிட்டால்தான் தெரிவது. அதனால்தான் பணம் குறையும்போதெல்லாம் முதலில் வெட்டப்படுவது அதுவாக இருக்கிறது. உலக வங்கியின் 1994-ஆம் ஆண்டு வளர்ச்சி அறிக்கை ஒரு கணக்கைச் சொல்கிறது. ஆப்பிரிக்க நாடுகளில் அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் 1,200 கோடி டாலரைக் காலத்தில் பராமரிப்புக்குச் செலவிட்டிருந்தால், சாலைகளைத் திரும்பப் போடுவதற்கான 4,500 கோடி டாலர் மிச்சமாகியிருக்கும் என்பதே அது. 'இப்ப ரெண்டு ஆள் போதும், அப்புறம் ரோலர் வந்தாலும் பத்தாது' என்று என் தந்தையார் சொன்னதும் இதைத்தான். அவர் சொன்னால் கூலியாள் பேச்சு. கணிப்பொறி சொன்னால் அறிக்கை. அறிக்கையாகவாவது அது மேசைக்கு வருகிறதே என்று மகிழ்கிறேன்.

ஆனால், நன்மை என்று அது எதை எண்ணுகிறது? பெரும்பாலும் வண்டிகளின் எரிபொருளை, டயரை, உதிரிப் பாகத்தை, பயணிகளின் நேரத்தை. நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் வண்டி ஓடும் சாலையில் ஒவ்வொரு வண்டிக்கும் சில ரூபாய் மிஞ்சினாலும் அது பெருந்தொகையாகிவிடும். எங்கள் ஊர்ச் சாலையில் மிஞ்ச என்ன இருக்கிறது? நேரத்துக்கும் விலை போடுகிறார்கள். அந்த விலையை வருமானத்தைக் கொண்டு போடுகிறார்கள். காரில் போகிறவரின் ஒரு மணி நேரம் விலை உயர்ந்தது. கூடை சுமந்து நடக்கும் என் தாயின் ஒரு மணி நேரம் விலை குறைந்தது. இது கணிப்பொறியின் வஞ்சகமன்று. உலகம் கொடுக்கும் கூலியை அது அப்படியே எடுத்துக்கொள்கிறது. ஆனால் உலகம் குறைவாகக் கொடுத்தது என்பதற்காக, சாலையும் அவர்களுக்குக் கடைசியாகத்தான் வர வேண்டுமா?

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. எங்கள் சாலை கெட்டதால் பேருந்து நின்றது. பேருந்து நின்றதால், ஆட்டோக்காரர்களும் வர மறுத்ததால், வண்டிகளின் எண்ணிக்கை குறைந்தது. எண்ணிக்கை குறைந்ததால் கணக்கில் நன்மை குறைந்தது. நன்மை குறைந்ததால் வரிசையில் பின்னுக்குப் போனது. பின்னுக்குப் போனதால் சாலை இன்னும் கெடும். பசியால் மெலிந்தவனைத் தராசில் நிறுத்தி, எடை குறைவாக இருக்கிறது, இவனுக்குச் சோறு குறைவாகவே போதும் என்று சொல்வது போன்றதே இது. சாலை கெட்ட பிறகு எடுத்த எண்ணிக்கை அந்தச் சாலையின் தேவையைக் காட்டாது. அது பட்ட புறக்கணிப்பையே காட்டும்.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த புகழ்பெற்ற சாலைச் சோதனையிலிருந்து ஓர் உண்மை வெளிப்பட்டது. சக்கர அச்சின் மேலுள்ள பாரம் இரு மடங்கானால், சாலைக்கு நேரும் சேதம் இரு மடங்கல்ல, ஏறத்தாழ 16 மடங்கு. அதாவது நான்காம் அடுக்கு. அப்படிப் பார்த்தால் நடப்பவர்களால் சாலைக்கு நேரும் சேதம் ஒன்றுமேயில்லை. சாலையைச் சிதைக்காதவர்கள்தாம் சாலைக் கணக்கில் இல்லாதவர்களாக இருக்கிறார்கள்!

இவ்வளவும் படித்தபோது கணிப்பொறியின் மேல் எனக்குக் கோபமே வந்தது. ஆனால் மேலும் படித்தபோது அந்தக் கோபம் இடம் மாறியது. எச்.டி.எம். மூன்றாம் பதிப்பில் மோட்டார் இல்லாத போக்குவரத்துக்கு இடமில்லை என்பது உண்மைதான். ஆனால் நான்காம் பதிப்பில் மிதிவண்டி, சைக்கிள் ரிக்ஷா, மாட்டுவண்டி ஆகியவற்றோடு பாதசாரிகளுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். வண்டி குறைவாக ஓடும் சாலைகளுக்கென்றே உலக வங்கி 'ரெட்' என்ற எளிய மென்பொருளையும் தந்திருக்கிறது. சாதாரணக் கணக்குத்தாள் மென்பொருளிலேயே அது இயங்கும். மழைக்காலத்தில் எத்தனை நாள் சாலை போக்குவரத்துக்குத் தகுதியற்றதாகிறது, சாலை சீரானால் புதிதாக எவ்வளவு போக்குவரத்து உண்டாகும் என்பவற்றையும் அதில் சேர்க்கலாம். ஆக, அப்பா கேட்ட கட்டம் கணிப்பொறியில் இருக்கிறது. புளியமரத்தடித் தாளில்தான் இல்லை!

தோழர்களே, என் கருத்தின் மையம் இதுதான். நம் விடுதி அறைகளில் இதைப் பற்றி வாதம் வந்தால் இரண்டு கட்சிகள் உண்டாகும். 'கணிப்பொறி என்ன சொன்னால் என்ன, செல்வாக்கு உள்ளவர் ஊருக்குத்தான் சாலை போகும்' என்பது ஒரு கட்சி. 'கணிப்பொறிக்கு வேண்டியவர், வேண்டாதவர் கிடையாது, அது சொன்னால் சரியாகத்தான் இருக்கும்' என்பது மறு கட்சி. இரண்டையும் நான் ஏற்கவில்லை. முதற்கட்சி, செல்வாக்கை எதிர்த்து நிற்கக் கிடைத்த ஒரு கருவியைத் தூக்கி எறிகிறது. இரண்டாம் கட்சி, கருவிக்குள் எதைப் போட்டார்கள் என்று கேட்கத் தவறுகிறது. கணிப்பொறிக்கு வேண்டியவர் கிடையாது என்பது மெய். ஆனால் தாளில் கட்டம் போடுகிறவர் எதை வேண்டியது, எதை வேண்டாதது என்று முன்னமே முடிவு செய்துவிடுகிறார். அந்த முடிவு கணக்குக்குள் ஒளிந்துகொண்டு, கணக்கின் முகத்தோடு வெளியே வருகிறது. படித்தவர்களாகிய நாம் அஞ்ச வேண்டியது அதற்குத்தான்.

ஆகவே மூன்று செயல்கள் தேவை என்று எனக்குத் தோன்றுகிறது. முதலாவது, கிராமச் சாலைகளில் எண்ணிக்கை எடுக்கும்போது நடப்பவர்களையும் எண்ண வேண்டும். சாலை கெட்டிருந்தால், பேருந்து எப்போது நின்றது, அதற்கு முன் எத்தனை முறை வந்தது என்பதையும் எழுத வேண்டும். இரண்டாவது, கணிப்பொறிக்குள் போட்ட எண்களையும், அது தந்த வரிசையையும் தமிழில் எழுதி, கிராம சபையில் படித்துக் காட்ட வேண்டும். தவறான எண்ணை ஊர்க்காரர்களைவிட விரைவில் கண்டுபிடிப்பவர் எவருமிலர். மூன்றாவது, வாய்க்கால் தூர் எடுப்பது, வெடிப்பை அடைப்பது போன்ற அன்றாடப் பராமரிப்பை இந்த வரிசையிலேயே சேர்க்கக் கூடாது. அது எல்லாச் சாலைக்கும் உரிய கூலி. முதலில் அதை ஒதுக்கிவிட்டு, எஞ்சிய பணத்துக்கே கணிப்பொறியிடம் யோசனை கேட்க வேண்டும்.

இது நடக்கக் கூடியதா என்று ஐயுறுவோர்க்கு ஓர் உதாரணம் சொல்வேன். 2000-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம், சமவெளியில் 500 பேரும் மலைப்பகுதிகளில் 250 பேரும் அதற்கு மேலும் வாழும் ஊர்களுக்குச் சாலை என்று வகுத்தது. அங்கே எண்ணியது வண்டியை அன்று, மனிதரை. போட்ட ஒப்பந்தக்காரரே 5 ஆண்டு பராமரிக்க வேண்டும் என்றும் விதித்தது. சாலை போடும்போது தலைகளை எண்ணத் தெரிந்த நாடு, அதைக் காக்கும்போது சக்கரங்களை மட்டும் எண்ணலாகாது.

அரசுதான் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு நாம் சும்மா இருப்பதும் முறையன்று. இக்கல்லூரியில் படிப்போரில் என்னைப் போல் கிராமங்களிலிருந்து வருவோர் ஏராளம். கணிதம் படிக்கும் நாம் எண்ணலாம்; பொருளாதாரம் படிப்போர் விலை போடலாம்; புவியியல் படிப்போர் வரைபடம் தீட்டலாம். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஒரு நாளை இதற்கென ஒதுக்கினால் போதும். இதைச் சொல்வதற்கு முன் நானே செய்து பார்க்க வேண்டும் என்று எண்ணி, சென்ற மாதம் விடுமுறை நாள் அல்லாத ஒரு நாளில், காலை ஆறு மணி முதல் மாலை ஆறு மணி வரை அதே புளியமரத்தடியில் அமர்ந்தேன். பால் வண்டி, டிராக்டர், சரக்கு ஆட்டோ எல்லாம் சேர்ந்து 12. இரு சக்கர வண்டிகள் 74. மிதிவண்டிகள் 19. நடந்தவர்கள் 163. அந்த 163-இல் என் தங்கை இரண்டு முறை வருகிறாள். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று.

அந்த எண்ணிக்கையை ஒரு தாளில் எழுதி உரிய அலுவலகத்தில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள். பதில் இன்னும் வரவில்லை. ஆயினும் நான் சோர்ந்துவிடவில்லை. கொடுப்பதற்கு முந்திய இரவு, அந்தத் தாளில் நடப்பவர்களுக்கான கட்டத்தை அளவுகோல் வைத்துக் கோணாமல் போட்டுக் கொடுத்தவர் என் அப்பா. இருபத்தைந்து ஆண்டுகளாகச் சாலை போட்ட கை அது. கணக்கில் ஒரு கட்டம் போட அதற்குக் கிடைத்த முதல் வாய்ப்பு அதுவாகத்தான் இருந்தது. அந்த வாய்ப்பை நம் பெற்றோர் எல்லோருக்கும் பெற்றுத் தருவது, படிக்க வந்த நம் கடமையாகும்.